வெள்ளி அண்ணாவின் தலை

விரிசல் விட்ட தலையை என் மேசையில் வைத்தபோது சின்னவள் முகத்தில் பயமே இல்லை. எனக்கு முதலில் எரிந்தது அதில்தான். நான் அந்தத் தலையைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கண்ணாடி ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்ததற்கு மேனேஜர் என்னை நிற்க வைத்துக் காலட்சேபம் நடத்தினார். இப்போது கழுத்து விளிம்பில் தொடங்கிப் பின்மண்டையில் பாதி வரை பிளந்து கிடக்கிறது. "உங்க அக்காகிட்ட குடும்மா, ஒட்டிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பியிருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் மருமகள்களுக்குள்ளேயே இரண்டு குடம்.

"பெஞ்சு மேல வெச்சிருந்தேன்க்கா. தவறிக் கீழ விழுந்துடுச்சு."

"விழுந்துச்சா, விட்டியா?"

"விழுந்துச்சுக்கா. சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

சின்னவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, போதாததற்கு ஒரே வேலையிடம். ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் கடைசி மாடியில் இருக்கிற குழந்தைகள் விளையாட்டுக் கூடம் அது. சறுக்குமரம், பந்துத் தொட்டி, சுற்றுகிற கோப்பைகள் எல்லாம் இருந்தாலும், சனி ஞாயிறுகளில் கூட்டம் வருவது வெள்ளி அண்ணாவைப் பார்க்கத்தான். வெள்ளி அண்ணா வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர். வெள்ளி உடுப்பு, வெள்ளிக் கையுறை, தோள் வரை இறங்குகிற ஃபைபர் தலை, அதில் முகம் தெரியாத கறுப்புக் கண்ணாடி. இசை போட்டதும் புகைக்குள்ளிருந்து வருவார், நாலு அடி மிதந்து நடப்பார், குழந்தைகளோடு கை குலுக்குவார், போவார். அவ்வளவுதான் அவருடைய மொத்த வித்தையும். அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

அந்த மிதக்கிற நடையைக் கண்டுபிடித்தவள் நான். முதல் வெள்ளி அண்ணா நான்தான். உடுப்புக்குள் ஆண்பிள்ளை யாரும் அடங்காததால் என்னைப் போடச் சொன்னார்கள். நாலு வருஷம் போட்டேன். தோள்பட்டை இறங்கிக் கை மேலே போகாமல் நின்றபோது, என்னைப் பின்கட்டில் இருக்கிற பட்டறைக்கு மாற்றினார்கள். உடைந்த கோப்பை, காது போன ஃபைபர் யானை, விரிசல் விட்ட இருக்கை எல்லாவற்றையும் ஒட்டுகிற வேலை. எனக்குப் பதிலாக யார் என்று கேட்டார்கள். "எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா, என் உயரம்தான்" என்று சொன்னதும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றால் யார் கேட்பார்கள்?

அவளுக்கு எல்லாம் நான் கற்றுக்கொடுத்ததுதான். நடை, கையசைப்பு, முக்கியமாக விதிகள். தலைக்குப் பேச்சு கிடையாது. ஒரு வார்த்தை வந்தால் வெள்ளி அண்ணா செத்தார். தலையைக் கழற்றுவதை வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது. வேலைக்காரர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கும் உள்ளே யார் என்று தெரியக் கூடாது. கடைசி விதி நானே போட்டது. என் மகள் குட்டிக்காகப் போட்டது.

குட்டிக்கு இரண்டு வயசாக இருந்தபோது அவளை முதல் தடவையாகக் காட்சிக்குக் கூட்டி வந்தார்கள். நான் தலையைப் போட்டுக்கொண்டு ஆசை ஆசையாகக் கிட்டே போய்க் கையை நீட்டினேன். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். அப்பா தோளில் ஏறி, கால்சட்டையை நனைத்து, மூச்சு முட்டி அழுதாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே அலறல். "பெத்த தாயைப் பாத்து இப்படி அழற பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. வெள்ளி அண்ணா என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் தனக்கு ஓர் அண்ணா இருப்பதாகவே சொல்லி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை பள்ளி விட்டதும் என்னோடு பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பவள், இசை கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். சித்தி டிக்கெட் கிழிக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பட்டறையின் பாதிக் கதவு வழியாக நான் பார்ப்பேன். கும்பலை இடித்துக்கொண்டு முன்னால் போய், வெள்ளி அண்ணாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் முத்தம் கொடுத்து, கழுத்து விளிம்போடு வாயை வைத்து ஏதோ ரகசியம் பேசுவாள். நிறையப் பேசுவாள். பின்னால் வரிசையில் நிற்கிற குழந்தைகள் சிணுங்குகிற வரைக்கும் பேசுவாள்.

அதே தலை. அதே வெள்ளிப் பூச்சு. நடைகூட என்னுடைய நடைதான். உள்ளே இருக்கிற ஆள் மட்டும் மாறியதும் பிள்ளைக்குப் பயம் போய்விட்டது என்றால், அதற்கு என்ன அர்த்தம்? வயசு கூடியிருக்கிறது, பயம் தெளிந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் நியாயம் சொல்வார். நியாயம் எனக்கும் தெரியும். எரிகிற வயிறு நியாயத்தைக் கேட்டுக்கொண்டா எரிகிறது?

வீட்டில் என்னிடம் அவள் ரகசியம் பேசுவதே இல்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". யாரோடு விளையாடினாய் என்றால் "எல்லார்கூடயும்". நான் தலைவாரி விடும்போது கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே உதட்டை அசைப்பாள். என்னடி என்றால் "ஒண்ணுமில்ல". இந்த ஒண்ணுமில்லைகளை எல்லாம் சேர்த்து மூட்டை கட்டிச் சனிக்கிழமை அந்தக் கழுத்து விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டுகிறாள்.

சின்னவள் போனதும் தலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவள் சொன்னது பொய். கீழே விழுந்த ஃபைபர் அடிபட்ட இடத்திலிருந்து நாலாபக்கமும் கிளை விட்டு, நடுவில் வெளுத்திருக்கும். இது அப்படி இல்லை. விளிம்பில் ஆரம்பித்து, பிடரிக்கு நேராக, ஒரே கோடாக மேலே ஏறியிருந்தது. விரிசலின் இரண்டு உதடும் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. இழுத்ததால் வந்த விரிசல். அதுவும் ஒரு நாள் இழுப்பில் வந்தது இல்லை. விரிசலுக்கு இரண்டு பக்கமும் விளிம்பில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து, அடியிலிருக்கிற சாம்பல் நிறம் தெரிந்தது. தேய்ந்த இடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரலுக்கு அது சின்ன இடம்.

அன்று ராத்திரி வீட்டுச் சமையலறையில் சின்னவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"பெஞ்சுல இருந்து விழுந்துச்சுன்னு சொன்ன?"

"ஆமாக்கா."

"விழுந்த விரிசலும் இழுத்த விரிசலும் தெரியாமத்தான் நான் இத்தன வருஷமா குப்பை கொட்டுறேனா?"

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "குட்டி கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குவாக்கா. பின்னாடி ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு. போன வாரம் படக்குன்னு சத்தம் கேட்டுச்சு. உங்ககிட்ட சொன்னா பிள்ளைய வைவீங்க. அதான்."

என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றுகிறாளாம். எனக்குத் தலைமுதல் கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி என்னதான் சொல்றா உன்கிட்ட, தொங்கித் தொங்கி?"

"என்கிட்ட எங்கக்கா சொல்றா? வெள்ளி அண்ணாகிட்ட சொல்றா."

"சரி, வெள்ளி அண்ணாகிட்ட என்ன சொல்றா?"

"அத நான் சொல்லக் கூடாதுல்லக்கா. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, தலைக்குப் பேச்சு கிடையாதுன்னு."

கிண்டலுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். என் பாடத்தை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறாள். குழாயைத் திறந்து மறுபடி துலக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கொண்டையைப் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது.

கொண்டையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அவளுக்கு முடி அப்படி. அள்ளி முடிந்தால் இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற அளவுக்குக் கொண்டை. பிள்ளை பெற்ற பிறகு எனக்குக் கொட்டியது போக மிச்சம் இருப்பது எலிவால். கூந்தல் இருக்கிற சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். பின்னலாகப் போட்டு உடுப்புக்குள் விட்டால் கழுத்து ஜிப்பில் மாட்டிக்கொள்ளும்; ஒரு தடவை மாட்டிக்கொண்டு பாதிக் காட்சியில் கழுத்தைக் கோணிக்கொண்டே திரும்பி வந்தாள். வெளியே விட்டால் வெள்ளி அண்ணா வெள்ளி அக்கா ஆகிவிடுவார். அதனால் எப்போதும் கொண்டைதான். தலைக்குள்ளே பின்பக்கம் அந்தக் கொண்டைக்கென்றே ஸ்பாஞ்சைக் குடைந்து ஒரு பள்ளம் வைத்திருந்தாள். அந்தப் பள்ளத்துக்கு நேர் பின்னால்தான் விரிசல்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுத்தேன். பள்ளம் முழுக்க அவளுடைய நீள முடி சிக்கியிருந்தது. உள்பக்கத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகிற வரை தேய்த்தேன். பளபளப்பு இருந்தால் ரெசின் என்கிற பசை ஒட்டாது. ஒட்டியது மாதிரி நடித்து, ஒரு மாசத்தில் அப்பளமாகப் பெயர்ந்து வரும். விரிசலின் வாயை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினேன். அது முடிகிற இடத்தில் ஊசி கனத்தில் ஒரு துளை போட்டேன். அந்தத் துளை இல்லாவிட்டால், மேலே எத்தனை பூசினாலும் விரிசல் அடியில் நடந்துகொண்டே இருக்கும். துளைக்கு வந்ததும் நின்றுவிடும். மனுஷ மனசுக்கு இந்த வசதி கிடையாது.

வெளிப்பக்கம் டேப் ஒட்டி இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடிக்க வைத்தேன். ஃபைபர் மேட்டை வெட்டினேன். மேட் என்பது நறுக்கின கண்ணாடி நூலைத் துணி மாதிரி அமுக்கி வைத்தது. ரெசினில் நனைந்ததும் வெள்ளை போய்க் கண்ணாடியாகிவிடும். ஒரு துண்டைவிட அடுத்த துண்டு கொஞ்சம் பெரிசாக இருக்க வேண்டும். ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் விட்டுக் கலக்கி, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்தினேன். இந்த அளவு விரிசலுக்கு மூன்று பூச்சு போதும். மூன்று போட்டேன். சுத்தமான வேலை. யார் தொங்கினாலும் தாங்கும்.

அதோடு கை கழுவியிருக்க வேண்டும். கிண்ணத்தில் ரெசின் மிச்சமிருந்தது. நான்காவது துண்டை வெட்டினேன்.

பலத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன். ஐந்தாவதையும் பலத்துக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன். அது இறுகுகிற வரை காத்திருந்து, புதுசாகக் கலக்கி ஆறாவதைப் போட்டபோது சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பின்மண்டையில் கொண்டை உட்கார்கிற இடம் மேடாக ஏறியிருந்தது. அதன் மேல் ஸ்பாஞ்சை ஒட்டினேன், பள்ளம் வைக்கவில்லை. அவள் தலை இனி இதற்குள் போகாது. எலிவால் போகும். சனிக்கிழமை காட்சிக்கு ஆள் வேண்டும், மேனேஜர் கையைப் பிசைவார், நான் போனால் போகிறது என்று முன்வருவேன். ஒரே ஒரு சனிக்கிழமை. என் பிள்ளை வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். வாயை வைத்து அவள் சொல்வதை நான் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெற்றவளுக்கு அதுகூட இல்லையென்றால் அப்புறம் என்ன?

வெளியே பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளிப் பூச்சுப் பூசினேன். விரலால் தடவினால்கூட விரிசல் இருந்த இடம் தெரியாது. கோபத்தில் செய்தாலும் கை பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை உடுப்பு மாற்றுகிற அறையில் சின்னவள் வெள்ளி உடுப்பை மாட்டிக்கொண்டு, கொண்டையை இறுக்கி, தலையை எடுத்துக் கவிழ்த்தாள். காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. கழற்றினாள். கொண்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினாள். மறுபடி போட்டாள். நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கையுறையின் கிழிசலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலைக்குள் கையை விட்டாள். ஸ்பாஞ்சுக்கு அடியில் விரலைக் கொடுத்து மேட்டைத் தடவினாள். இந்தப் பக்கம் தடவினாள், அந்தப் பக்கம் தடவினாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை.

"கனமாப் போட்டிருக்கீங்களேக்கா."

"பலத்துக்கு."

"பின்னாடி மட்டும்."

"அங்கதான உடைஞ்சுது?"

என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நான் தயாராக இருந்தேன். பதிலுக்கு எடுத்துவிட நாலு பழங்கணக்குகூட வாயில் இருந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா," என்றாள்.

அவள் உடுப்பின் ஜிப்பை இறக்கிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் மாட்டிக்கொண்டதும் பின்னால் வந்து ஜிப்பை ஏற்றினாள். என் தோள் வலிக்கும் என்று தெரிந்து, தலையை அவளே தூக்கி என் மேல் இறக்கினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அந்த நேரத்தில் அவளை எனக்கு எவ்வளவு பிடிக்காமல் போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சண்டைக்காரியாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"குட்டி இடது பக்கமாத்தான் வருவா," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "வந்ததும் ஒரு முட்டி போட்டுடுங்க, இல்லன்னா தொங்குவா. ஏதாவது கேட்டா ஒரு தடவை தலையாட்டினா போதும்."

என் மகளைப் பற்றி எனக்கே பாடம்.

இசை ஆரம்பித்தது. புகைக்குள் நுழைந்தேன். தலைக்குள்ளிருந்து ரெசின் வாடை இன்னும் போகவில்லை. கண் எரிந்தது, நான்கு அடி நடப்பதற்குள் தோள் கதறியது. ஆனால் கால் மறக்கவில்லை. மிதந்தேன். குழந்தைகள் கத்தின. கை நீட்டின. குலுக்கினேன். கறுப்புக் கண்ணாடி வழியாக எல்லாம் சாயங்கால இருட்டு மாதிரி தெரிந்தது. அந்த இருட்டில் இடது பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்தாள். வெறுங்காலோடு, ஒரு பையனை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் அலறிவிடுவாளோ என்று பயம். உள்ளே யார் என்று பிள்ளைக்கு மூக்கால் தெரிந்துவிடும், பழைய அழுகை திரும்ப வரும், கூடமே திரும்பிப் பார்க்கும், சின்னவள் கதவு வழியாகப் பார்ப்பாள். சொன்னபடி முட்டி போட்டேன்.

அலறவில்லை. ஓடி வந்த வேகத்தில் என் கழுத்தில் விழுந்தாள். பின்னால் இரண்டு கையையும் கோத்து, நான் ஒட்டிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு அப்படியும் தொங்கினாள். ஒட்டு அசையவில்லை. கண்ணாடியில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவள் மூச்சு பட்டு எனக்கு உலகமே மங்கிப்போனது. வெள்ளி உடுப்பு வழியாக அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் தோளில் தெரிந்தது. இத்தனை வருஷமாகப் பாதிக் கதவு வழியாகப் பார்த்தது இன்று என் கழுத்தில் இருந்தது. எலிவாலோ எதுவோ, நான்தான் உள்ளே இருந்தேன். என்னைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். பிறகு கழுத்து விளிம்போடு வாயை ஒட்டி வைத்தாள்.

"சித்தி," என்றாள்.

நான் அசையாமல் இருந்தேன்.

"சித்தி, இன்னிக்கு உன் தலையில அம்மா வாசனை அடிக்குது." ஒரு தடவை முகர்ந்தாள். "அம்மா ஒட்டினாங்கல்ல, அதான்."

ரெசின் வாடையைச் சொல்கிறாள். என் கையிலும் சேலையிலும் போகாமல் இருக்கிற வாடை. அது வாசனை என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னது இல்லை.

"நான் தொங்கித்தான் உடைஞ்சுதுன்னு சொல்லிட்டியா? சொல்லலதான?"

தலையாட்டினேன்.

"நீதான் உள்ள இருக்கன்னு எனக்குத் தெரியும்ல, அத சொல்லிட்டியா?"

அதற்கு ஆட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளே பதில் எடுத்துக்கொண்டாள். "சொல்லிடாத சித்தி. எனக்கு உன்னப் பிடிக்கும்னு தெரிஞ்சா அம்மா உன்ன மாத்திடுவாங்க."

குரலில் புகார் இல்லை, கோபம் இல்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அம்மா அப்படித்தான், நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி. எத்தனை வாரமாக இந்த ஏற்பாடு என்று தெரியவில்லை. வீட்டில் என்னிடம் வந்து வெள்ளி அண்ணா இப்படி நடந்தார், அப்படிக் கை குலுக்கினார் என்று அவள் அளந்ததெல்லாம் எனக்காகப் போட்ட நாடகம். சமையலறையில் சின்னவள் என்னிடம் சொல்ல மறுத்ததும் இதைத்தான். பிள்ளை என்னை எப்படி எடை போட்டு வைத்திருக்கிறது என்பதை என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான்தான் குட்டி, அம்மாடி என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? சித்தியை மாத்திவிட்டார்கள் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

"சொல்ல மாட்டல்ல?"

தலையாட்டினேன்.

"நிஜமா?"

இன்னொரு தடவை ஆட்டினேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று என் மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். அவள் கையை விட்டு இறங்கி, அடுத்த குழந்தைக்கு வழிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனாள்.

மிச்சக் காட்சியை எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். நடந்தேன், குலுக்கினேன், புகைக்குள் போனேன். அறைக் கதவைச் சாத்தியதும் சின்னவள் தலையைத் தூக்கி எடுத்தாள். கையில் தண்ணீர் வைத்திருந்தாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"ரெசின் வாடை. கண்ணு எரியுது," என்றேன்.

"ம்." தண்ணீரை என்னிடம் நீட்டி, "கட்டிக்கிட்டாளாக்கா?" என்றாள்.

"ம்."

"அழலையே?"

"இல்ல."

"அப்புறம் என்னக்கா. நீங்க ஆசப்பட்டது நடந்துச்சுல்ல."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"உன்னத்தான் கட்டிக்கிட்டா," என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு முன்னைவிட எரிந்தது. உடுப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். சாயங்காலக் காட்சிக்குள் மூன்று பூச்சைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். பாதிக் கதவைச் சாத்திவிட்டு, கொண்டை எவ்வளவு பெரிசு என்று இரண்டு கையையும் சேர்த்துப் பார்த்து அளவு வைத்துக்கொண்டு, தேய்க்க ஆரம்பித்தேன்.